புதர் வெட்டும் கருவிக்கு ஏற்ற ஹைட்ராலிக் மோட்டார்

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களின் இரு சரிவுகளிலும் சீமைக் கருவேல் மண்டிக் கிடப்பதைக் காணலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மாதத்தில் தொடங்கும். அதற்குள் வரத்துக்கால் சீர்செய்யப்படாவிட்டால், பெய்த மழை கண்மாயை அடையாமல் வழியிலேயே தேங்கிக் கரையை உடைத்து வீணாகும். ஆகவே ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இந்தப் புதர்களை வெட்டி முடிப்பது இன்றியமையாதது.

டிராக்டரின் பின்புறம் பி.டி.ஓ. தண்டில் இணைத்து ஓட்டப்படும் சுழல் வெட்டி சமநிலத்தில் நன்கு வேலை செய்யும். ஆனால், கரையின் மேல் டிராக்டர் நிற்க, பக்கவாட்டில் சரிவை வெட்ட இதனால் இயலாது. பி.டி.ஓ. தண்டு அவ்வளவு தூரம் நீளாது. அவ்வளவு கோணத்தில் வளையவும் வளையாது. இதன் காரணமாகவே பல ஊர்களில் உழவர் குழுக்களும் வாடகை இயந்திர மையங்களும் பழைய சுழல் வெட்டியை ஒரு பக்கக் கையில் பொருத்தி, தண்டுக்குப் பதில் ஹைட்ராலிக் மோட்டாரைக் கொண்டு ஓட்ட முயல்கின்றன. எண்ணெய்க் குழாய் எந்தப் பக்கமும் வளையும் என்பதால் இம்முறை சரியானதே. எந்த மோட்டாரை வாங்குவது என்பதில்தான் பலர் தவறிவிடுகின்றனர்.

ஒரு குழுவின் அனுபவம்

கண்மாய்ப் பாசனமுள்ள ஒரு சிற்றூரில் உழவர் குழுவினர் பழைய மண்வாரி இயந்திரத்திலிருந்து கழற்றிய பெரிய மோட்டார் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி வெட்டியில் பொருத்தினர். “பெரிய மோட்டார், மரத்தையே சாய்த்துவிடும்” என்று எண்ணினர். டிராக்டரின் எண்ணெய் வாயில் குழாயை இணைத்துக் கைப்பிடியைத் தள்ளியபோது வெட்டியின் கத்தி செக்கு மாடு போல் மெதுவாகச் சுற்றியது. கருவேலங்கிளைகள் வெட்டுப்படாமல் வளைந்து, கத்தி கடந்தபின் மீண்டும் நிமிர்ந்தன. அரை மணி நேரத்தில் டிராக்டரின் எண்ணெய் கைவைக்க முடியாதபடி சூடாகிவிட்டது. வேறு மோட்டார் தேடுவதற்குள் மழை வந்துவிட்டது. அந்த ஆண்டு வரத்துக்கால் அடைபட்டே கிடந்தது.

அந்த மோட்டாரில் பழுது எதுவும் இல்லை. டிராக்டர் தரும் எண்ணெய்க்கு அது பொருந்தவில்லை, அவ்வளவே. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பம்ப் கொடுக்காத விசையை எந்த மோட்டாரும் கத்திக்குக் கொடுக்க முடியாது. எனவே மோட்டாரைத் தேடுமுன் எண்ணெயை அளக்க வேண்டும்.

எண்ணெயை அளத்தல்

அறிய வேண்டிய அளவுகள் இரண்டு. ஒன்று, நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது என்பது. மற்றொன்று, அது எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்பது. கத்தியின் வேகம் லிட்டரைப் பொறுத்தது. வெட்டும் வலு அழுத்தத்தைப் பொறுத்தது.

அழுத்தத்தை டிராக்டரின் கையேட்டிலிருந்தோ, பட்டறையில் பிரஷர் கேஜ் பொருத்தியோ அறியலாம். எண்ணெயின் அளவை அறிய ஓட்டமானி உள்ள பட்டறையை நாடுவது சிறந்தது. அது கிடைக்காதபோது ஓரளவு மதிப்பிடக் கீழ்க்கண்ட முறை உதவும். டிராக்டரின் எண்ணெய் வாயில் ஒரு குழாயை இணைத்து, அதன் மறுமுனையைச் சுத்தமான, அளவு குறித்த டிரம்மில் கட்டி நிறுத்தவும். எஞ்சினை வேலை செய்யும் வேகத்தில் ஓட்டி, கைப்பிடியை 10 நொடி மட்டுமே திறந்து மூடவும். வந்த எண்ணெயை 6 ஆல் பெருக்கினால் நிமிட அளவு கிடைக்கும். 10 நொடிக்கு மேல் திறந்து வைத்தலாகாது. பல டிராக்டர்களில் கியர்பாக்ஸ் எண்ணெயே ஹைட்ராலிக் எண்ணெயாகவும் இருப்பதால், அது குறைந்தால் பற்சக்கரங்களுக்குக் கேடு வரும். தேய்ந்த பம்ப் சுமையில்லாதபோது நிறையவும், சுமை ஏறியபோது குறைவாகவும் கொடுக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவும்.

அளந்தபின் கீழ்க்கண்ட கணக்கைப் போடவும்.

குதிரைத்திறன் = அழுத்தம் (சதுர செ.மீ.க்குக் கிலோ) × எண்ணெய் (நிமிடத்திற்கு லிட்டர்) ÷ 450

எடுத்துக்காட்டாக, 10 நொடியில் 4.5 லிட்டர் வந்தால் நிமிடத்திற்கு 27 லிட்டர். அழுத்தம் 150 கிலோ எனில், 27 × 150 ÷ 450 = 9 குதிரைத்திறன். மோட்டாருக்குள் கசிவிலும் உராய்விலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கத்திக்குக் கிடைப்பது 7 குதிரைத்திறன் சற்று அதிகம், அவ்வளவே.

சுழல் வெட்டிக்கு, புல்லும் மெல்லிய தளிர்களும் வெட்ட, அகலத்தின் ஒவ்வோர் அடிக்கும் 4 முதல் 5 குதிரைத்திறன் தேவை எனக் கொள்ளலாம். 4 அடி வெட்டிக்குக் குறைந்தது 16 குதிரைத்திறன் வேண்டும். மேற்கண்ட டிராக்டரின் எண்ணெய் அதில் பாதிக்கும் குறைவு. 45 குதிரைத்திறன் டிராக்டர் என்றால் மோட்டாருக்கும் 45 குதிரைத்திறன் கிடைக்கும் என எண்ணுவது தவறு. டிராக்டரின் உள் பம்ப் கலப்பையைத் தூக்குவதற்காக அமைந்தது. இடைவிடாது ஒரு மோட்டாரைச் சுற்றுவதற்கு அன்று.

தனிப் பம்ப் அமைத்தல்

இதற்கு வழி, பி.டி.ஓ. தண்டில் மாட்டும் தனிப் பம்ப் ஆகும். பி.டி.ஓ. நிமிடத்திற்கு 540 சுற்று சுற்றுகிறது. பற்சக்கர பம்புக்கு இவ்வேகம் போதாது. ஆகவே 1:3 விகிதத்தில் வேகத்தைக் கூட்டும் கியர்பாக்ஸுடன் கூடிய பம்பை வாங்க வேண்டும். இதில் பம்பின் வேகம் 540 × 3 = 1,620 சுற்று. ஒரு சுற்றுக்கு 40 சி.சி. தள்ளும் பம்ப் எனில், கசிவு போக நிமிடத்திற்கு ஏறக்குறைய 60 லிட்டர் எண்ணெய் கிடைக்கும்.

60 × 150 ÷ 450 = 20 குதிரைத்திறன்.

மோட்டாரின் இழப்பு போகக் கத்திக்கு 16 குதிரைத்திறன் சற்று அதிகமாகவே சேரும். இதற்காகப் பி.டி.ஓ. தண்டிலிருந்து ஏறக்குறைய 24 குதிரைத்திறன் எடுக்கப்படும். 35 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டருக்கு இது தாங்கும் சுமையே. பக்கக் கையை உயர்த்தவும் தாழ்த்தவும் டிராக்டரின் சொந்த எண்ணெய் வாயைப் பயன்படுத்தலாம். தண்டோடு சேர்ந்து பம்பும் சுழன்றுவிடாதபடி அதன் உடலைச் சங்கிலியாலோ கம்பியாலோ டிராக்டருடன் பிணைத்தல் வேண்டும்.

மோட்டாரின் வகைகள்

பற்சக்கர மோட்டார்: விலை குறைவு. வேகம் மிகுதி, நிமிடத்திற்கு 1,500 சுற்றுக்கு மேல் ஓடுவதற்கு ஏற்றது. வெட்டியின் பழைய கியர்பாக்ஸ் வேகத்தைக் கூட்டுவதாக இருப்பதால் இதை நேராக அதில் இணைத்தலாகாது. கியர்பாக்ஸை நீக்கிவிட்டு, பெல்ட் மூலம் வேகத்தைக் குறைத்து ஓட்டுவோருக்கு இது பொருந்தும்.

ஆர்பிட் மோட்டார்: மெதுவாகச் சுற்றி மிகுந்த முறுக்கு விசை தருவது. சிறிய அளவுகள் நிமிடத்திற்கு 400 முதல் 700 சுற்று வரை ஓடும். 540 சுற்றுக்கு அமைந்த பழைய கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொள்ள இதுவே வசதியானது. மாற்றி அமைக்கும் வெட்டிகளுக்கு இதையே பரிந்துரைக்கலாம்.

பிஸ்டன் மோட்டார்: திறன் மிக்கது, ஆனால் விலை அதிகம். எண்ணெயில் சிறு தூசியும் ஆகாது. புழுதியில் வேலை செய்யும் நம் சூழ்நிலையில், நல்ல வடிகட்டியும் தேர்ந்த மெக்கானிக்கும் இல்லாதவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

எத்தனை சி.சி. மோட்டார்?

மோட்டார் ஒரு முறை சுற்ற எவ்வளவு எண்ணெயை உட்கொள்கிறதோ அதுவே அதன் சி.சி. அளவு. கிணற்றில் இறைக்கும் சாலைப் போன்றது இது. சால் பெரிதானால் ஒரு முறைக்கு வரும் நீர் அதிகம். ஆனால் ஒரு மணி நேரத்தில் இறைக்கும் தடவைகள் குறையும். அதுபோல், வரும் எண்ணெய் ஒரே அளவாக இருக்கும்போது, மோட்டார் பெரிதானால் முறுக்கு விசை கூடும், சுற்று வேகம் குறையும். மோட்டார் சிறிதானால் வேகம் கூடும், முறுக்கு விசை குறையும். குதிரைத்திறன் மட்டும் மாறுவதில்லை.

சுற்று வேகம் = எண்ணெய் (லிட்டர்) × 1,000 ÷ மோட்டாரின் சி.சி.

இதில் கசிவுக்காக நூற்றுக்கு 7 பங்கு கழித்துக்கொள்ளவும்.

அடுத்து, வெட்டியின் கியர்பாக்ஸ் விகிதத்தை அறிய வேண்டும். டிராக்டரிலிருந்து கழற்றித் தரையில் உறுதியாக முட்டுக்கொடுத்து வைத்த வெட்டியில், உள்தண்டைக் கையால் 10 முறை சுற்றி, கத்தி எத்தனை முறை சுற்றுகிறது என எண்ணினால் போதும். 19 முறை சுற்றினால் விகிதம் 1:1.9 ஆகும்.

கத்தியின் முனை நொடிக்கு 50 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் செல்ல வேண்டும். சுழல் வெட்டியில் அரிவாளைப் போலச் செடியைப் பிடித்து அறுக்கும் அமைப்பு இல்லை. வேகத்தால் அடித்தே வெட்டுகிறது. வேகம் குறைந்தால் செடி வளைந்து கொடுத்துவிடும். அதே நேரத்தில் கியர்பாக்ஸின் உள்தண்டு 540 சுற்றைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் பேரிங் கெடும். கத்தி கழன்று பறக்கவும் கூடும்.

நிமிடத்திற்கு 60 லிட்டர் எண்ணெய், 150 கிலோ அழுத்தம், 4 அடி (1.2 மீட்டர்) வெட்டி, 1:1.9 கியர்பாக்ஸ் ஆகியவற்றிற்கு நான்கு அளவு மோட்டார்களைக் கணக்கிட்டுக் கீழே தந்துள்ளோம். முறுக்கு விசை என்பது, மோட்டார் தண்டில் பொருத்திய ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் எத்தனை கிலோவை அது தாங்கிச் சுற்றும் என்பதாகும்.

80 சி.சி.: சுற்று 698, முறுக்கு விசை 16.8 கிலோ, கத்தி முனை வேகம் நொடிக்கு 83 மீட்டர்
100 சி.சி.: சுற்று 558; முறுக்கு விசை 21 கிலோ; கத்தி முனை வேகம் 67 மீட்டர்
125 சி.சி.: சுற்று 446; முறுக்கு விசை 26.3 கிலோ, கத்தி முனை வேகம் 53 மீட்டர்
160 சி.சி.: சுற்று 349, முறுக்கு விசை 33.6 கிலோ, கத்தி முனை வேகம் 42 மீட்டர்

நான்கிலும் குதிரைத்திறன் ஒன்றே என்பதைக் கவனிக்கவும். 80 சி.சி. மோட்டார் கியர்பாக்ஸின் வேக வரம்பை மிகவும் மீறுகிறது, ஆகாது. 160 சி.சி.யில் கத்தியின் வேகம் போதாது. 100 சி.சி. சுமையின்போது வரம்பைச் சற்றே தாண்டுகிறது. சுமை இல்லாதபோது 600 சுற்றை நெருங்கும். எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய பழகிய ஓட்டுநர் இருந்தால் மட்டுமே அது ஏற்கத்தக்கது. 125 சி.சி. மோட்டார் சுமையற்ற நிலையிலும் 480 சுற்றைத் தாண்டாது. கத்தியின் வேகமும் போதுமானது. ஆகவே பலர் கை மாறி ஓட்டும் வாடகை இயந்திரத்திற்கு 125 சி.சி. மோட்டாரே ஏற்றது.

முன்னர்க் கூறிய குழுவினர் வாங்கியது 400 சி.சி. மோட்டார். 27 லிட்டர் எண்ணெயில் அது நிமிடத்திற்கு 63 சுற்றே சுற்றும். கத்தி முனையின் வேகம் நொடிக்கு 8 மீட்டரைக்கூட எட்டாது. இக்கணக்கை வாங்குமுன் ஒரு தாளில் போட்டிருந்தால் அந்தச் செலவும், ஒரு பருவ நீரும் மிஞ்சியிருக்கும்.

மோட்டாரின் சி.சி. அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது தாங்கும் தொடர் அழுத்தமும், ஏற்கும் எண்ணெயின் உச்ச அளவும் விற்பவரின் பட்டியலில் தரப்பட்டிருக்கும். நம் பம்பின் அளவுகள் அவற்றுக்குள் அடங்குகின்றனவா எனப் பார்க்கவும். பெயர்த்தகடு இல்லாத பழைய மோட்டாரை வாங்குதல் இருட்டில் விதைப்பதற்கு ஒப்பாகும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. கத்தியை மோட்டார் தண்டில் நேராக மாட்டுதல் கூடாது. கல்லிலும் கட்டையிலும் மோதும் அதிர்ச்சி முழுவதும் மோட்டாரின் பேரிங்கில் இறங்கி அதை உடைத்துவிடும். கியர்பாக்ஸ் இந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். மோட்டார் தண்டையும் கியர்பாக்ஸ் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கை நல்ல லேத் பட்டறையில் கடைந்து, இரு தண்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் அமையுமாறு பொருத்தவும்.

2. கைப்பிடியை மூடியவுடன் எண்ணெய் நின்றாலும் கனமான கத்தி நிற்காது. அது மோட்டாரைப் பம்பாக மாற்றிச் சுற்றும். இரு குழாய்களும் அடைபட்டிருந்தால் அழுத்தம் திடீரென ஏறிக் குழாய் வெடிக்கும். அல்லது தண்டு முறியும். ஆகவே, நடுநிலையில் மோட்டாரின் இரு வாய்களையும் இணைத்து எண்ணெயைச் சுழலவிடும் வால்வையே பயன்படுத்தவும். கலப்பையைத் தூக்குவதற்கான சாதாரண வால்வு இதற்கு உதவாது.

3. மோட்டாரில் கசிவு எண்ணெய் வெளியேறும் சிறு வாய் இருந்தால், அதிலிருந்து தனிக் குழாய் அமைத்து நேராக எண்ணெய்த் தொட்டியில் விடவும். திரும்பு குழாயோடு சேர்த்தலும், மூடிவிடுதலும் தவறு. அவ்வாறு செய்தால் ஆயில் சீல் பிதுங்கி எண்ணெய் ஒழுகும்.

4. ரிலீஃப் வால்வு கட்டாயம் தேவை. நம் எடுத்துக்காட்டில் அதை 165 கிலோ அளவில் வைக்கலாம். ஆனால் மோட்டாரின் அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைத் தாண்டி வைத்தல் கூடாது. வெட்டு போதவில்லை என்று இந்த வால்வைத் திருகி இறுக்குவது பலரிடம் உள்ள தீய பழக்கம்.

5. 60 லிட்டர் எண்ணெய்க்கு அழுத்தக் குழாய் முக்கால் அங்குலமும், திரும்பு குழாய் ஓர் அங்குலமும் இருத்தல் நலம். மெல்லிய குழாயில் விசையின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும்.

6. தண்டிலிருந்து எடுத்த 24 குதிரைத்திறனில் ஏறக்குறைய 8 எண்ணெயைச் சூடாக்கவே செலவாகிறது. ஆகவே 150 லிட்டர் கொள்ளும் தொட்டியும், விசிறியுடன் கூடிய எண்ணெய்க் குளிர்விப்பானும், திரும்பு குழாயில் வடிகட்டியும் வேண்டும். நம் வெயிலுக்கு 68 ஆம் எண் ஹைட்ராலிக் எண்ணெய் ஏற்றது. வெப்பம் 65 டிகிரி செல்சியசைத் தாண்டினால் வேலையை நிறுத்தி ஆறவிடவும்.

7. வெட்டி ஒரு பக்கம் தொங்குவதால் டிராக்டர் அப்பக்கம் சாயும். நிறைந்த எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் மட்டுமே 130 கிலோ எடை இருக்கும். தொட்டியை எதிர்ப்பக்கத்தில் அமைத்தால் அந்த எடை சாய்வைக் குறைக்கும். போதாததற்குக் கூடுதல் எடை சேர்க்கவும். குறுகிய கரையிலும், மழையில் ஊறிய கரையிலும் இதை ஓட்டவே கூடாது.

8. முதன்முறை ஓட்டும்போது கத்தியின் கூர்ப்பக்கம் முன்னோக்கிச் சுற்றுகிறதா எனத் தொலைவிலிருந்து பார்க்கவும். மாறிச் சுற்றினால், எஞ்சினை நிறுத்தி, அழுத்தம் இறங்கியபின் இரு குழாய்களையும் இடம் மாற்றவும்.

பாதுகாப்பு

வெட்டி அடித்தெறியும் கல் வெகுதூரம் பாயும். 100 மீட்டருக்குள் ஆட்களோ கால்நடைகளோ இருத்தல் கூடாது. வெட்டியைச் சுற்றிச் சங்கிலித் திரை தொங்கவிடவும். கைப்பிடியை மூடியபின்னும் கத்தி சிறிது நேரம் சுற்றும். அது முற்றும் நின்று, எஞ்சினும் நின்றபின்னரே அருகில் செல்லவும்.

குழாயில் ஊசித்துளை போன்ற கசிவைக் கையால் தடவிப் பார்த்தல் மிகவும் ஆபத்தானது. மிகுந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் கையையே இழக்க நேரிடலாம். ஓர் அட்டையைக் காட்டியே கசிவைக் கண்டறியவும். எண்ணெய் உள்ளே புகுந்துவிட்டால் வலி இல்லையெனினும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெட்டிய பின்

இக்கருவி கட்டைவிரல் பருமன் வரையுள்ள தளிர்களுக்கே ஏற்றது. பருத்த மரங்களை வெட்டியால் மோதுதல் கூடாது; அவற்றை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். சீமைக் கருவேல் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடையது. ஆகவே ஒருமுறை வெட்டினால் ஒழிந்தது என எண்ணலாகாது. துளிர்கள் மெல்லியனவாக இருக்கும்போதே மீண்டும் வெட்டி வரவும். நெற்றுகள் பழுக்கும் முன் வெட்டுவது மிக முக்கியம். பழுத்த நெற்றுகளை ஆடுமாடுகள் தின்று, சாணத்தின் மூலம் விதையை வயல்வரை கொண்டு சேர்த்துவிடும். பொதுக் கண்மாய், வரத்துக்கால் கரைகளில் வேலை தொடங்குமுன் உரிய அலுவலகத்தின் அனுமதியைப் பெறவும்.

முடிவுரை

மோட்டார் வாங்கச் செல்லும் உழவர் தம் சட்டைப்பையில் நான்கு எண்களை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும்: பம்ப் தரும் எண்ணெயின் லிட்டர் அளவு, அதன் அழுத்தம், கியர்பாக்ஸின் விகிதம், வெட்டியின் அகலம். இந்நான்கும் கையில் இருந்தால் எந்த மோட்டார் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். கடைக்காரரின் சொல்லையோ மோட்டாரின் பருமனையோ நம்ப வேண்டியதில்லை. உழவர் குழுக்கள் கோடை உழவு முடிந்தவுடனேயே இந்த அளவுகளை எடுத்து, ஆடி மாதத்திற்குள் கருவியை ஆயத்தம் செய்துகொண்டால், பருவமழையின் முதல் நீர் தடையின்றிக் கண்மாயைச் சென்றடையும்.